நள்ளிரவுக்கு முன் வந்து சேர வேண்டியவர்கள்

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் காலிமுகத்திடல் பக்கம் போயிருந்தேன். ‘அயன்மேன் 70.3’ என்னும் போட்டி முதன்முறையாகக் கொழும்பில் அன்று நடைபெற்றது. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் துவிச்சக்கரவண்டிச் சவாரி, 21.1 கிலோமீற்றர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒருவரே தொடர்ச்சியாகச் செய்து முடிக்க வேண்டும். மூன்றையும் மைல் கணக்கிற் கூட்டினால் வருவதுதான் 70.3. இது பாதித் தூரம் மாத்திரமே; முழுத்தூரப் போட்டி வேறு உண்டு என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னபோது, வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே எண்ணினேன்.

பந்தயத்தைவிட என் மனத்தில் நின்றது, அது முடிந்தபின் நடந்த ஒரு சிறு வைபவம். அவ்வாண்டு செப்டெம்பரில் தென்னாபிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரில் நடைபெறவிருந்த 70.3 உலகப் போட்டிக்குக் கொழும்பிலிருந்து குறிப்பிட்ட தொகையினரைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. வயதுப் பிரிவு வாரியாகப் பெயர்கள் வாசிக்கப்பட்டன. பெயருக்குரியவர் மண்டபத்தில் இருந்து எழுந்து சம்மதம் சொல்ல வேண்டும். அவ்விடத்திலேயே கட்டணத்தையும் செலுத்த வேண்டும். ஆள் இல்லையென்றாலும், வேண்டாம் என்றாலும் அந்த இடம் அடுத்து வந்தவருக்கு இறங்கும். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், தமக்கு முன்னே வந்தவரின் பெயர் மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டும் பதில் வராதபோது, இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்குக் கிடைத்தது பணமன்று. தம் சொந்தச் செலவிலே இன்னொரு கண்டத்துக்குப் போய், இதே வேதனையை இன்னொரு முறை அனுபவிக்கும் உரிமை. அதற்காக ஒரு மனிதர் கண்கலங்குவாரா என்ற கேள்வியோடுதான் வீடு திரும்பினேன். இந்த விளையாட்டின் கதையை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

கதை ஹவாய்த் தீவுகளில் ஆரம்பமாகிறது. அதற்கும் முன்னர், 1974 செப்டெம்பரில், கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரிலுள்ள மிஷன் குடாவில் ஓடுதல், சைக்கிளோடுதல், நீந்துதல் மூன்றும் சேர்ந்த ஒரு மாலைநேரப் பந்தயம் நடந்தது. ‘ட்ரையத்லன்’ என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த முதற் பந்தயம் அதுவே. பங்குபற்றிய 46 பேரில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோன் கொலின்ஸும் அவரது மனைவி ஜூடி கொலின்ஸும் இருந்தனர். பின்னர் கொலின்ஸ் தம்பதியர் ஹவாய்க்கு மாற்றலாகிச் சென்றனர்.

1977இல் ஒவாஹு தீவைச் சுற்றிய தொடரோட்டப் போட்டி ஒன்றின் பரிசளிப்பு வைபவத்திலே வழமையான ஒரு வாக்குவாதம் எழுந்தது. உடலுறுதியில் விஞ்சியவர் நீச்சற்காரரா, ஓட்டக்காரரா? பெல்ஜியத்தின் சைக்கிளோட்ட வீரர் எடி மேர்க்ஸ்தான் எல்லோரிலும் வலியவர் எனத் தாம் வாசித்த சஞ்சிகைக் கட்டுரையை வைத்துக்கொண்டு கொலின்ஸ் வாதிட்டார். வாதம் முடிவதாயில்லை. ஒவாஹுவில் ஏற்கெனவே மூன்று பந்தயங்கள் தனித்தனியே நடந்துவந்தன: வைகிக்கிக் கடல் நீச்சல் 2.4 மைல், தீவைச் சுற்றும் சைக்கிளோட்டம் 115 மைல், அதுவும் இரண்டு நாட்களில், ஹொனலூலூ மரதன் 26.2 மைல். மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் என்ன என்று கொலின்ஸ் கேட்டார். சைக்கிளோட்டம் முடியும் இடமும் மரதன் தொடங்கும் இடமும் பொருந்தும்பொருட்டு மூன்று மைல்களைக் குறைத்தார். இன்றுவரை உலகெங்கும் புனித எண்போல் மதிக்கப்படும் 112 மைல், அதாவது 180 கிலோமீற்றர், இவ்வாறு வசதிக்காக வெட்டி ஒட்டப்பட்ட ஒரு தூரம் என்பது பலருக்குத் தெரியாது. முதலில் வருபவரை ‘இரும்பு மனிதர்’ என்று அழைப்போம் என்றார். அப்பெயரே நிலைத்தது.

1978 பெப்ரவரி 18ஆம் திகதி காலை வைகிக்கிக் கடலில் இறங்கியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். நீரும் உணவும் கொடுக்கும் துணையாட்களை அவரவரே அழைத்துவர வேண்டியிருந்தது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜோன் டன்பாரின் துணையாட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோகவே அவருக்குப் பியர் கொடுத்தார்கள் என்பது அப்போட்டியைப் பற்றி எழுதுவோர் எவரும் விடாத கதை. கடற்படைத் தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்த கோர்டன் ஹாலர் அவரை முந்திக்கொண்டு 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார். முடித்தவர்களுக்குக் குழாய்த் துண்டுகளைக்கொண்டு கொலின்ஸ் தம் கையாற் செய்த சிறு உருவங்களே பரிசு.

இங்கே ஒரு சிறு புள்ளிவிபரத்தை வாசகர்கள் மனத்திலிருத்த வேண்டுகிறேன். போட்டியை ஏற்பாடு செய்த கொலின்ஸ் தாமும் அதிற் கலந்துகொண்டார். ஒன்பதாவதாக வந்தார். எடுத்த நேரம் 17 மணி 0 நிமிடம் 38 விநாடி. அவருக்குப் பின்னும் மூவர் வந்தனர். கடைசி மனிதர் 21 மணித்தியாலங்களுக்கு மேல் எடுத்தார். எவரும் கடிகாரத்தைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த ஆண்டும், 1979 ஜனவரியில், மோசமான காலநிலையால் ஒரு நாள் பிந்தி நடந்த போட்டியிற் கலந்துகொண்டவர்கள் அதே 15 பேர்தான். சான் டியேகோவைச் சேர்ந்த டொம் வாரன் வென்றார். லின் லெமெயர் என்ற பெண் ஒருவரும் போட்டியிட்டு ஆண்களோடு சேர்த்து ஐந்தாவதாக வந்தார். முதலாவது ‘இரும்புப் பெண்’ அவரே. அத்தோடு இவ்விளையாட்டு ஓர் உள்ளூர்க் கிறுக்காக மறைந்துபோயிருக்கவும் கூடும். ஆனால் பரி மக்டர்மொட் என்ற பத்திரிகையாளர் அவ்வேளை ஹவாயில் இருந்தார். ‘ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேட்டட்’ சஞ்சிகைக்காகக் கொல்ஃப் போட்டி ஒன்றைப் பற்றி எழுத வந்தவர் அவர். வந்த வேலையோடு நில்லாமல் இந்தப் பதினைந்து பேரையும் பார்க்கப் போனார். அவர் எழுதிய பத்துப் பக்கக் கட்டுரை 1979 மே மாதம் வெளியாயிற்று. அதன்பின் கொலின்ஸுக்குக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. அனுப்பிய இடத்துச் செய்தியோடு மாத்திரம் திரும்பிவராத நிருபர்களைப் பற்றி ஆசிரியர்பீடத்தில் எனக்கிருந்த பழைய மரியாதை இதைப் படித்தபோது இன்னும் கூடிற்று.

அதே 1979 மே மாதத்தில், மே 2 முதல் 10 வரை, கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓட்டி உலக சாதனை நிலைநாட்டியவர் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து திரும்பவும் நீந்தி வந்தவர்; தொழிலால் சட்டத்தரணி; 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தவர். ஹவாய்க்காரர்களும் அவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததாகச் சான்றில்லை. ஆயினும் அவர்கள் ஓரினத்தவர் என்றே எனக்குப் படுகிறது.

1980இல் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒளிப்பதிவுக் கருவிகளோடு வந்தது. அவ்வாண்டு போட்டியாளர் தொகை 108. கலிபோர்னியாவின் டேவ் ஸ்கொட் 9 மணி 24 நிமிடத்திலே முடித்து, இது தாக்குப்பிடிக்கும் பயணம் மாத்திரமன்று, வேகப்பந்தயமுங்கூட என்று காட்டினார். கொலின்ஸுக்கோ கடற்படையிலிருந்து மாற்றல் வந்துவிட்டது. ஹொனலூலூவில் உடற்பயிற்சி நிலையம் நடத்திய தம்பதியரிடம் போட்டியை ஒப்படைத்தார். விரைவில் அது வலெரி சில்க் என்ற பெண்மணியின் முழுப்பொறுப்பாயிற்று. ஒப்படைக்கும்போது கொலின்ஸ் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: சாதாரண மனிதர்களுக்கு இதில் எப்போதும் இடம் இருக்க வேண்டும். பின்னாளில் நடந்த எல்லாத் தகராறுகளையும் இந்த ஒற்றை வேண்டுகோளுக்குக் கொடுக்கப்பட்ட வெவ்வேறு வியாக்கியானங்களாகவே நான் பார்க்கிறேன்.

வாகன நெரிசல் மிக்க ஒவாஹுவை விட்டு, 1981இல் போட்டியைப் பெரிய தீவின் கோனாவுக்கு வலெரி சில்க் கொண்டுசென்றார். கயிலுவா குடாவில் நீச்சல். கரிய எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் வெளியூடாகச் செல்லும் நெடுஞ்சாலையில், பக்கவாட்டில் அறையும் காற்றோடு, ஹாவி கிராமம் வரை சைக்கிள். பின்னர் அதே வெயிலில் மரதன். நிழல் என்பதே அரிது. அவ்வாண்டு வால்ட் ஸ்டாக் என்ற 73 வயதுக்காரர் போட்டியிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் கட்டட வேலைத்தலங்களிற் செங்கல் சுமந்து வாழ்ந்தவர். அவர் எடுத்த நேரம் 26 மணி 20 நிமிடம். காலையிற் கடலில் இறங்கியவர் மறுநாட் காலையிலேதான் முடிவுக்கோட்டைக் கண்டார். போட்டியின் வரலாற்றில் மிக மெதுவான நேரம் அதுவே. இனி எவராலும் அதை மாற்றவும் முடியாது. ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

1982 பெப்ரவரியில் ஜூலி மொஸ் என்ற 23 வயது மாணவி தம் பட்டப்படிப்பு ஆய்வுக்காக இப்போட்டியில் இறங்கினார். எவரும் எதிர்பாராத வகையிற் பெண்களில் முன்னணிக்கு வந்தார். முடிவுக்கோடு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கடைசி மீற்றர்களில் கத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வென்றார். மொஸ் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து 29 விநாடிகள் பிந்தி வந்து சேர்ந்தார். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியிற் பார்த்த அமெரிக்கர்கள் வென்றவரின் பெயரை மறந்துவிட்டார்கள், தவழ்ந்தவரை மறக்கவில்லை. குளிர்நாட்டவரும் கோடையிற் பயிற்சி பெற்று வரும்பொருட்டு அதே ஆண்டு ஒக்டோபருக்குப் போட்டி மாற்றப்பட்டது. ஆகவே 1982இல் மாத்திரம் இரண்டு போட்டிகள்.

கூட்டம் பெருகிற்று. கோனாவோ சிறிய ஊர். ஒரு துறைமுக மேடை, ஒரு கடற்கரைத் தெரு. எல்லாரையும் ஏற்க முடியாது என்றானபோது 1983இல் மூன்று காரியங்கள் நடந்தன. தகுதிகாண் போட்டிகள் ஏற்பட்டன. 17 மணித்தியாலம் என்ற இறுதி எல்லை விதிக்கப்பட்டது. கொலின்ஸின் வேண்டுகோளைக் காப்பாற்றுமுகமாக, தகுதி பெற இயலாத சாதாரணர்களுக்கென்று சீட்டிழுப்பில் ஒரு தொகை இடங்கள் ஒதுக்கப்பட்டன. காலை ஏழு மணிக்குத் தொடங்கும் போட்டி நள்ளிரவோடு முடியும். நள்ளிரவுக்குப் பின் வந்தவரின் பெயருக்கு நேரே நேரம் குறிக்கப்படமாட்டாது. சென்ற பந்திகளிற் சொன்ன கணக்கை இப்போது பாருங்கள்: இந்த விதி 1978இல் இருந்திருப்பின் விளையாட்டைத் தோற்றுவித்த ஜோன் கொலின்ஸே 38 விநாடிகளால் விலக்கப்பட்டிருப்பார்.

தகுதிகாண் முறை எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சற்று விளக்க வேண்டும். கொழும்பு மண்டபத்தில் நான் கண்ட கண்ணீரின் காரணம் அதிலேதான் இருக்கிறது. 1985இல் நியூசிலாந்து, ஜப்பான், 1986இல் கனடா, 1988இல் ஜேர்மனியின் ரோத் என அயன்மேன் பந்தயங்கள் உலகெங்கும் பரவின. ஒவ்வொரு பந்தயத்துக்கும் கோனாவுக்குரிய இடங்கள் சில பங்கிடப்பட்டன. பணத்துக்காகப் போட்டியிடும் தொழில்முறை வீரர்கள் வேறு. ஏனையோர் அனைவரும் வயதுப் பிரிவினர். 18 முதல் 24 வரை ஒரு பிரிவு. அதன்பின் ஐந்தைந்து வயதாக ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது ஓர் இடம். எஞ்சியவை பிரிவிற் புறப்பட்டோர் தொகைக்கேற்ப விகிதாசாரப்படி. மேலே வந்தவர் மறுத்தால் இடம் கீழே இறங்கும்.

நாற்பது வயதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்கள் பிரிவிலே நூற்றுக்கணக்கானோர் மோதுவர். அங்கே பதினொரு மணித்தியாலத்துக்குக் குறைவாக முடித்தாலும் போதாது. சிலர் ஒரு நிமிட வித்தியாசத்தில் பத்து ஆண்டுகளாகத் தவறவிட்டிருக்கிறார்கள். எழுபது வயதுப் பெண்கள் பிரிவில் ஒருவர் மாத்திரமே புறப்பட்டிருப்பார். அவர் நேரத்துக்குள் வந்து சேர்ந்தாற் போதும். இது நீதியா என்று நாற்பது வயதுக்காரர் கேட்பார். எழுபது வயதில் ஒருவர் 226 கிலோமீற்றரைக் கடந்து வருவதே தகுதியன்றோ என்பது மறுதரப்பு. எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகத் தெரிகிறது. அந்த வயதில் வேறு எவரும் வராதது அவருடைய குற்றமாகாது.

தொழில்முறையாளர்களின் கதையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. 1989இல் மார்க் அலனும் டேவ் ஸ்கொட்டும் எட்டு மணித்தியாலம் தோளோடு தோள் சேர்ந்து ஓடி 58 விநாடி வித்தியாசத்தில் முடித்த பந்தயத்தைப் பற்றிப் புத்தகமே உண்டு. 1990இல் வலெரி சில்க் போட்டியை புளோரிடாவின் கண் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் கில்ஸுக்கு 30 இலட்சம் டொலருக்கு விற்றார். 2015இல் சீனாவின் வான்டா நிறுவனம் அதே வியாபாரத்தை வாங்கியபோது விலை 65 கோடி டொலர். 2020இல் அது மீண்டும் கைமாறியது. குழாய்த்துண்டுப் பரிசுகளிலிருந்து வெகுதூரம்.

என்னைக் கவர்பவர்கள் வேறு சிலர். மடோனா பூடர் என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ 1930இற் பிறந்தவர். வொஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேனில் வாழ்பவர். ஒரு குருவானவர் ஓட்டத்தின் நன்மைகளை எடுத்துரைத்ததைக் கேட்டு 48 வயதளவில் ஓடத் தொடங்கினார். 55ஆவது வயதில் முதல் அயன்மேன். அவருக்கு வயது ஏற ஏற அந்த வயதுக்குரிய பெண்கள் பிரிவே இல்லாதிருந்தது. அவருக்காகவே ஒவ்வொன்றாகப் புதிய பிரிவுகள் திறக்கப்பட்டன. 2006இல், 76 வயதில், கோனாவில் அவர் முடித்த நேரம் 16 மணி 59 நிமிடம் 3 விநாடி. நள்ளிரவுக்கு 57 விநாடிகள் மீதம். 2012இல், 82 வயதில், கனடாப் போட்டியையும் முடித்தார்.

இன்னொருவர் ஜப்பானின் ஹிரோமு இனாடா. 1932இற் பிறந்தவர். இவர் நம் தொழிலைச் சேர்ந்தவர், என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்தில் நிருபராக இருந்தார். நோயுற்ற மனைவியைப் பராமரிக்கும்பொருட்டு 60 வயதில் ஓய்வுபெற்று, தம் உடலைப் பேணுவதற்காக நீச்சல் பழகத் தொடங்கினார். முதலாவது ட்ரையத்லன் 70 வயதில். மனைவி காலமான பின்னர் பயிற்சியே அவர் நாளாயிற்று.

2015 ஒக்டோபரில் கோனாவில் நடந்தது இது. இனாடாவுக்கு 82 வயது. நள்ளிரவு நெருங்குகிறது. கோனாவின் மரபுப்படி அந்தக் கடைசி ஒரு மணித்தியாலத்துக்குத்தான் கூட்டம் அதிகம். பகலிலே வென்றவர்களும் குளித்து உடைமாற்றிக்கொண்டு கடைசியாக வருபவர்களை வரவேற்க வந்து நிற்பார்கள். விளக்கொளியில் அந்தக் கிழவர் தள்ளாடியபடி கடைசித் தெருவுக்குள் வருகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கோட்டுக்குச் சில அடிகள் முன்னே விழுகிறார். எழுகிறார். கோட்டைக் கடக்கும்போது 17 மணித்தியாலம் முடிந்து ஐந்தாறு விநாடிகள் ஆகிவிட்டன. பெயர்ப்பட்டியலில் அவருக்கு நேரம் இல்லை.

பல ஆண்டுகள் நள்ளிரவோடு போராடியவன் நான். பக்கம் அச்சுக்குப் போகும் வேளையை நாமே நீட்டிவிட்டால் மறுநாள் யாழ்ப்பாண ரயிலுக்குப் பத்திரிகைக்கட்டு போய்ச் சேராது என்பதை அறிவேன். ஆகவே அந்த ஐந்தாறு விநாடிகளை ஏன் மன்னிக்கக்கூடாது என்று கேட்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். ஐந்து விநாடியை மன்னித்தால் ஐம்பதை என்ன செய்வது? இனாடாவும் அப்படிக் கேட்கவில்லை. அவர் ஊருக்குத் திரும்பிப் பயிற்சியைத் தொடர்ந்தார். 2016இல் மீண்டும் வந்து நேரத்துக்குள் முடித்தார். 2018 ஒக்டோபர் 13ஆம் திகதி, 86ஐ எட்டுவதற்கு ஒரு மாதமளவே இருந்தபோது, 16 மணி 53 நிமிடம் 49 விநாடியில் முடித்து, கோனாவை நிறைவுசெய்த மிக முதியவர் என்ற உலக சாதனையைப் பெற்றார். நான் காலிமுகத்திடலில் வேடிக்கை பார்த்த அதே ஆண்டு அது.

அதே 2015 இன்னொரு வகையிலும் திருப்பமான ஆண்டு. சீட்டிழுப்பிற் சேர விரும்புவோரிடம் 50 டொலர் கட்டணம் அறவிடப்பட்டு வந்தது. கட்டணம், அதிர்ஷ்டம், பரிசு ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால் அது சட்டத்தின்படி சூதாட்டம் என அமெரிக்க நீதித் திணைக்களம் சுட்டிக்காட்டியது. நிறுவனம் 27 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையை ஒப்படைத்து, சீட்டிழுப்பையும் கைவிட்டது. சட்டம் சரியே. ஆனால் அதனோடு கொலின்ஸின் வேண்டுகோளுக்கென்று திறந்திருந்த கதவொன்றும் மூடப்பட்டது. பன்னிரண்டு முழுத்தூர அயன்மேன்களை முடித்தும் கோனாவைக் காணாதவர்களுக்கென ஒரு தனி ஒதுக்கீடு இருந்ததுதான். ஆயினும் பன்னிரண்டு முறை அவ்வளவு செலவு செய்யக்கூடியவரைச் சாதாரணர் என்பதா?

தொற்றுநோய்க் காலம் கோனாவைக் காலியாக்கிற்று. தேங்கிநின்ற போட்டியாளர்களுக்காக 2022 ஒக்டோபரில் இரண்டு நாட்கள் போட்டி நடந்தபோது ஊர் மக்கள் சலித்துப்போயினர். வேலைநாளில் தெருக்களை மூடினால் யார்தான் பொறுப்பர்? ஆகவே 2023 முதல் ஆண்களும் பெண்களும் பிரிக்கப்பட்டனர். ஓராண்டு ஒரு சாரார் கோனாவிலும் மறுசாரார் பிரான்சின் நீஸ் நகரிலும் ஓடினர். மறு ஆண்டு மாறினர். பலர் இதை வெறுத்தார்கள். ஆனால் 2023 ஒக்டோபரில் கோனாவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள், ஆண் போட்டியாளர் ஒருவரும் இன்றி, தமக்கேயான ஒரு நாளில் ஓடினார்கள். 1979இல் லின் லெமெயர் தனியொரு பெண்ணாக ஓடியதை எண்ணிப்பார்த்தால் இது சிறிய விடயமன்று.

2025 மே மாதத்தில், 2026 முதல் இருபாலாரும் மீண்டும் ஒரே நாளிற் கோனாவில் ஓடுவர் என அறிவிப்பு வந்தது. இடங்கள் பாதியாகும், பெண்களுக்கு எத்தனை என்ற கேள்வி உடனே எழுந்தது. ஜூலையில் வெளியான புதிய முறைப்படி வயதுப் பிரிவில் முதலாவதாக வருபவருக்கு ஓர் இடம் உறுதி. எஞ்சிய இடங்கள் பிரிவு வாரியாகப் பங்கிடப்படமாட்டா. ஒவ்வொருவரின் நேரமும் அவரது வயதுக்கும் பாலுக்கும் உரிய ஒரு காரணியாற் பெருக்கப்பட்டு எல்லாரும் ஒரே பட்டியலில் நிரைப்படுத்தப்படுவர். அக்காரணி, கோனாவில் முந்திய ஆண்டுகளில் அந்தந்தப் பிரிவின் முதல் 20 வீதத்தினர் எடுத்த நேரங்களிலிருந்து கணிக்கப்பட்டது. 45 வயது ஆணும் 60 வயதுப் பெண்ணும் இவ்வாறு ஒரே தராசில் நிறுக்கப்பட்டனர். காகிதத்தில் இதைவிட நீதியான ஏற்பாடு இல்லை என்றே தோன்றும். ஆயினும் கோனாவில் முன்னே ஓடிய மிகச் சிறந்தவர்களை அளவுகோலாக வைத்தால், வால்ட் ஸ்டாக் போன்ற ஒருவருக்கு அந்தத் தராசில் இடமேது? தராசு பிழையன்று. நிறுக்கப்படும் பொருள்தான் மாறிவிட்டது என்பது என் அபிப்பிராயம். மாறுபடுவோர் எழுதலாம்.

2025 ஒக்டோபர் 11ஆம் திகதி, பெண்கள் மாத்திரம் ஓடிய கடைசிக் கோனாப் போட்டி நடைபெற்றது. உலகின் தலைசிறந்த தொழில்முறை வீராங்கனைகளான லூசி சார்ல்ஸ்-பார்க்லியும் டெய்லர் நிப்பும் முன்னணியில் இருந்து வெயிலில் வீழ்ந்தார்கள். நிப் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் சில கிலோமீற்றர்களே இருந்தபோது தெருவோரத்தில் அமர்ந்துவிட்டார். நோர்வேயின் சோல்வெய்க் லொவ்செத் வென்றார். அன்றிரவு, கூட்டம் வழக்கம்போற் கடைசித் தெருவில் காத்து நின்றது. நியூ ஜேர்சியிலிருந்து வந்திருந்த நட்டலி கிரேபோ என்ற 80 வயதுப் பெண்மணி விளக்கொளிக்குள் வந்தார். 59 வயதில் நீச்சல் கற்றவர். அவரது நேரம் 16 மணி 45 நிமிடம் 26 விநாடி. கோனாவை முடித்த மிக மூத்த பெண் அவரே. எல்லைக்கு இன்னும் 14 நிமிடம் 34 விநாடி இருந்தது.